ஸ்னென்டன் காற்றாலை: ஒரு மாவு மில் குடும்பத்தின் கதை

கேள்வி சுருக்கமாக இதுதான்: காற்றாலை வைத்து மாவு அரைத்த ஐரோப்பியக் கிராமம் ஒன்றையும், தலைமுறை தலைமுறையாக அந்த ஆலையை நடத்திய குடும்பத்தையும் பற்றி விவரமாகச் சொல்ல முடியுமா? அந்த ஆலை இன்னும் நிற்கிறதா?

நான் நாகர்கோவில்காரன். காற்றாலை என்றால் எங்கள் பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசை கட்டி நிற்கும் வெள்ளை விசிறிகள்தான் நினைவுக்கு வரும். அவை மின்சாரம் எடுப்பவை. மாவு அரைக்கும் காற்றாலை எனக்கு அறிமுகமானது சுற்றி வளைத்து. கல்லூரியில் 30 வருடம் இயற்பியல் நடத்தினேன். 'கிரீன் தேற்றம்', 'கிரீன் சார்பு' என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. "அந்தக் கிரீன் யார் சார்?" என்று ஒரு மாணவி கேட்ட அன்றுதான், எனக்கும் தெரியாது என்பது உறைத்தது. தேடிப் போனால், ஆசாமி மாவு மில்காரர்! அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த காற்றாலைக் குடும்பம் இந்த ஒன்றுதான்.

முதலிலேயே ஒரு திருத்தம். தலைமுறை தலைமுறையாக என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே அப்படியில்லை. அப்பா கட்டினார், மகன் ஓட்டினார், அப்புறம் குத்தகைக்கு விட்டாயிற்று. குடும்பத்தின் கையிலேயே ஆலை ஓடியது 1807 முதல் 1833 வரை, வெறும் 26 வருடம். அந்த 26 வருடத்துக்குள் நடந்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்னென்டன் இன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்துக்குள் ஒரு பேட்டை. 1800 வாக்கில் அது நகரத்துக்குக் கிழக்கே, மேட்டில் இருந்த தனிக் கிராமம். நாட்டிங்ஹாம் அப்போது காலுறை நெசவுக்கும் லேஸ் என்ற பூப்பின்னல் துணிக்கும் பேர்போன ஊர். பிழைப்பு தேடி ஜனம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் ஊரைச் சுற்றிப் பொது உரிமை கொண்ட வயல்கள். அவற்றில் வீடு கட்ட முடியாது. 1845-ல் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலம் திறந்துவிடப்பட்டது. அதுவரை பழைய எல்லைக்குள்ளேயே சந்துக்குள் சந்து, முற்றத்துக்குள் குடிசை என்று நெருக்கியடித்தார்கள். கொள்ளாதவர்கள் ஸ்னென்டன் மாதிரி பக்கத்துக் கிராமங்களுக்கு வழிந்தார்கள். இரட்சணிய சேனையை ஆரம்பித்த வில்லியம் பூத் 1829-ல் பிறந்ததும் இதே ஸ்னென்டனில்தான். எங்கள் ஊரில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறதே, அது அவர் மனைவி பெயரில் அமைந்தது. இந்த ஊரை வரைபடத்தில் தேடியபோது எனக்குக் கிடைத்த இரண்டாவது ஆச்சரியம் அது.

சரி, குடும்பத்துக்கு வருவோம். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ஜார்ஜ் கிரீன். அந்த ஊர் வழக்கம் அது. படிக்கிற நமக்குத்தான் குழப்பம். பெரியவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி மகன். நகரத்துக்கு வந்து ரொட்டி சுடும் தொழிலைக் கற்று, கோதுமைக்கதிர் முற்றம் என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு சந்தில் சொந்தமாக ரொட்டிக் கடை போட்டார். மகன் பிறந்தது 1793-ல். அவனுக்குக் கீழே ஆன் என்று ஒரு தங்கை. அவ்வளவுதான் குடும்பம்.

ரொட்டிக் கடைக்காரனுக்கு அது லேசான காலமல்ல. பிரான்சுடன் போர், தொடர்ந்து மோசமான விளைச்சல். 1800-ல் ரொட்டி விலை எகிறியபோது நாட்டிங்ஹாமில் பசிக் கலவரம் வெடித்தது. கலவரம் என்றால் கூட்டம் முதலில் போகும் இடம் ரொட்டிக் கடையும் மாவுக் கிடங்கும்தான். நெசவாளிக்கு நாள் கூலியில் பெரும்பகுதி ரொட்டிக்கே போய்விடும்; அவன் கண்ணுக்கு மாவு வைத்திருப்பவன் எல்லோரும் பதுக்கல்காரன். இப்படிப்பட்ட ஊரில் பெரிய கிரீன் தொழிலை விரித்தார். பிறரிடம் மாவு வாங்கி ரொட்டி சுடுவதைவிடத் தானே கோதுமை வாங்கித் தானே அரைத்தால் இடையில் ஒரு கை குறையும், சரக்கும் தன் பூட்டுக்குள் இருக்கும் என்ற கணக்குத்தான் அது என்பது என் ஊகம். 1807-ல் ஸ்னென்டன் மேட்டில் செங்கல்லால் ஒரு கோபுரக் காற்றாலை எழுப்பினார். ஏற்கெனவே அங்கே பழைய மர ஆலை ஒன்று நின்றிருந்தது. காற்று நன்றாகப் பிடிக்கும் இடம் என்பது அதற்கு முன்பே ஊருக்குத் தெரியும்.

இந்த ஆலை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. என் சித்தப்பா மாவு பொடிக்கும் மில் வைத்திருந்தார். புட்டு மாவு, மிளகாய், மல்லி எல்லாம் அங்கேதான் பொடிப்போம். ஸ்னென்டன் ஆலையின் அமைப்பைப் படித்தபோது, மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு சித்தப்பா மில்லை ஐந்து மாடிக் கோபுரமாக நிமிர்த்தி நிறுத்தியதுபோல்தான் இருந்தது.

உச்சியில் தொப்பி மாதிரி ஒரு கூரை. இறக்கைகள் அதில் பொருத்தப்பட்டிருக்கும். காற்று திசை மாறும்போது கோபுரம் திரும்பாது, தொப்பி மட்டும் திரும்பும். யார் திருப்புவது? தொப்பியின் பின்பக்கத்தில், பெரிய இறக்கைகளுக்குக் குறுக்காக ஒரு சின்ன விசிறி இருக்கும். இறக்கைகள் காற்றுக்கு நேராக இருக்கும் வரை அதில் காற்றுப் படாது. காற்று பக்கவாட்டில் திரும்பியதும் சின்ன விசிறி சுற்ற ஆரம்பிக்கும். பல்சக்கரங்கள் வழியாகத் தொப்பியை மெதுவாக நகர்த்தி மறுபடி காற்றுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தானும் நின்றுவிடும். 1745-ல் எட்மண்ட் லீ என்பவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. ஒரு மனிதன் கை வைக்காமல் தன் தவறைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் யந்திரம். மாணவர்களுக்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இறக்கைகளின் அச்சு உள்ளே ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அதிலிருந்து கோபுரத்தின் நடுவே செங்குத்தாக இறங்கும் தண்டு, கீழ் மாடியில் கற்களை ஓட்டும். அதே தண்டிலிருந்து கயிறு போட்டு மூட்டைகளையும் மேலே இழுத்துக்கொள்வார்கள். கோதுமை முதலில் உச்சிக்கு ஏறும். அப்புறம் எல்லாம் தன் பாரத்திலேயே இறங்கும். மேல்மாடித் தொட்டியிலிருந்து கல்லின் குழிக்குள் தானியம், கல்லின் விளிம்பிலிருந்து குழாய் வழியாக அடுத்த மாடிச் சாக்குக்குள் மாவு.

கல் என்பது நம் திருகைதான், அளவுதான் வேறு. சுமார் 4 அடி அகலம். மேல்கல் ஒரு டன் வரை கனக்கும். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் பொறி பறக்கும், மாவு கருகும், மாவுத்தூசி நிறைந்த, உள்ளே எல்லாம் மரமான கட்டடத்தில் அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் தானியம் தீர்ந்துபோனால்தான் கற்கள் உரசும். அதனால் தானியம் அடிமட்டத்துக்கு வந்ததும் தானாக அடிக்கும்படி ஒரு மணி கட்டியிருப்பார்கள். தூங்கி வழியும் ஆள் அந்தச் சத்தத்துக்கு எழுந்தாக வேண்டும். மாவு சரியாக விழுகிறதா என்பதைக் குழாயடியில் கையை நீட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார்கள். நறநறவென்றால் கல்லைச் சற்று இறக்க வேண்டும். சுட்டால் ஏற்ற வேண்டும். என் சித்தப்பாவும் இதைத்தான் செய்வார். மில்லிலிருந்து வாங்கி வரும் பையின் சூடு நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால மில்காரன் அந்தச் சூட்டைத் தன் தொழில் குறையாக நினைத்தான்.

அப்புறம் கல் கொத்துவது. 'அம்மி கொத்தலையோ' என்று தெருவில் கூவிப் போவார்களே, அதே வேலைதான். கல்லின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஓடும் பள்ளக்கோடுகள் மழுங்கிவிட்டால் தானியம் வெட்டுப்படாது, நசுங்கும். மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு, ஒரு கனத்த உளியால் கோடுகளை மறுபடி எடுப்பார்கள். உளியிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்குகள் கையின் தோலுக்குள் ஏறி நீலப் புள்ளிகளாகத் தங்கிவிடும். புதிதாக வேலைக்கு வரும் கல் கொத்துபவனின் புறங்கையைப் பார்த்தே அவன் அனுபவத்தை அளந்துவிடலாம். நல்ல வெள்ளை மாவுக்கு இங்கிலாந்து மில்காரர்கள் பெரிதும் விரும்பியது பாரிஸுக்குக் கிழக்கே தோண்டியெடுத்த பிரெஞ்சுக் கல்லை. துண்டு துண்டாக வந்த அதை ஒட்டி இரும்புப் பட்டம் போட்டு இறுக்குவார்கள். மாட்டுத் தீவனம் அரைக்கப் பக்கத்து டெர்பிஷயர் மலைக் கல் போதும்.

இத்தனையும் காற்றின் தயவு. பகலெல்லாம் இலை அசையாமல் இருந்துவிட்டு நள்ளிரவில் காற்று எழுந்தால், நள்ளிரவில்தான் அரைவை. புயல் வந்தால் இன்னும் மோசம்: இறக்கைகள் கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்தால் மர பிரேக்கை அழுத்தியே நிறுத்த வேண்டும், அந்த உராய்விலேயே தீப்பிடித்து எரிந்துபோன ஆலைகள் உண்டு.

ஆலை கட்டியபோது மகன் ஜார்ஜுக்கு 14 வயது. பள்ளிக்கூடம் போனது எட்டு வயதில், அதுவும் ராபர்ட் குட்எக்கர் என்பவர் நடத்திய பள்ளியில் நான்கே பருவம். ஒன்பது வயதில் அப்பாவின் ரொட்டிக் கடைக்கு வந்துவிட்டான். முறையான படிப்பு என்று அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அடுத்தது நாற்பது வயதில். இடையில் 31 வருடம் மாவு.

ஆலையை நடத்த வில்லியம் ஸ்மித் என்ற தொழில் தெரிந்த மேலாளரைப் பெரியவர் வைத்திருந்தார். சின்னவன் தொழில் கற்றது அவரிடம். கிரீன் குடும்பம் ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடி வந்தது. ஆக அந்த மேட்டில் இரண்டு குடும்பங்கள், முதலாளி வீடு, மேலாளர் வீடு. ஆலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் முதலாளி வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ ஸ்மித் வீடு இல்லாமல் இந்தக் கதை பாதிதான்.

மேலாளருக்கு ஜேன் என்று ஒரு மகள். ஜார்ஜுக்கும் ஜேனுக்கும் முதல் குழந்தை 1824-ல் பிறந்தது, ஏழாவது 1840-ல். கல்யாணம் கடைசி வரை நடக்கவில்லை. வேலையாள் மகளை மருமகளாக ஏற்க அப்பா விரும்பவில்லை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். அப்படியென்றால் அப்பா 1829-ல் இறந்த பிறகு கட்டியிருக்கலாமே என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் கேம்பிரிட்ஜில் இருக்கிறது, வருகிறேன்.

அதற்கு முன் கணக்கு. மாவு மில்லில் இருந்தவனுக்குக் கணிதம் எங்கிருந்து வந்தது? நாட்டிங்ஹாமில் அப்போது உயர்கணிதம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் ஜான் டாப்லிஸ், ஊர் இலக்கணப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பிரான்சின் லாப்லாஸ் எழுதிய வானியந்திரவியல் நூலின் முதல் பகுதியை 1814-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நாட்டிங்ஹாமிலேயே அச்சிட்டவர். இங்கிலாந்து அப்போது நியூட்டனின் குறியீட்டைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சுக் கணிதத்தைத் தொடாமல் ஒரு நூற்றாண்டு பின்தங்கிக் கிடந்தது. கிரீன் எழுதியதெல்லாம் அந்தப் பிரெஞ்சுப் பாணியில். டாப்லிஸின் நிழல் படாமல் இது நடந்திருக்காது என்றுதான் இவரைப் பற்றி ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள், நானும் அப்படியே. 1823-ல் ஊர்ச் சந்தா நூலகத்தில் கிரீன் உறுப்பினரானார். பிராம்லி ஹவுஸ் என்ற கட்டடத்தில் அந்த நூலகம் இன்றும் நடக்கிறது. ஆலையின் உச்சி மாடியைத்தான் படிப்பறையாக வைத்திருந்தார் என்பது உள்ளூர் வழக்கு. கீழே பல்சக்கரங்கள் கடகடக்க, கோபுரமே மெல்ல அதிர, மேலே லாப்லாஸ். கணக்கு நடுவில் கீழே மணி அடித்திருக்கும், இறங்கி ஓடியிருப்பார்.

1828-ல் சொந்தச் செலவில், முன்பதிவு போட்டு ஒரு கட்டுரை நூல் வெளியிட்டார். மின்சாரம், காந்தவியல் கோட்பாடுகளுக்குக் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்துவது பற்றியது. விலை ஏழரை ஷில்லிங். வாங்கியவர்கள் 50 சொச்சம் பேர், பெரும்பாலும் நூலகத்து நண்பர்களும் ஊர்ப் பெரியமனிதர்களும். அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பக்கமாவது புரிந்திருக்கும்? முன்னுரையில் கிரீனே தன்மையாகச் சொல்கிறார்: வேறு கட்டாய வேலைகளுக்கு நடுவே, அறிவை வளர்க்க அதிகம் இடம் தராத தொழிலில் இருந்துகொண்டு, கிடைத்த இடைவேளைகளில் கற்றவன் எழுதியது, குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில். மாவு என்ற வார்த்தை அதில் வரவில்லை.

அந்த நூலில் என்ன இருந்தது? பிளஸ் டூ புத்தகத்தில் 'மின்னழுத்தம்' என்று படிக்கிறோமே, அதன் பின்னாலிருக்கும் கணிதச் சார்புக்குப் பெயர் வைத்தது அந்தக் கட்டுரைதான். கிரீன் தேற்றத்தை நான் வகுப்பில் வயலை வைத்துச் சொல்வேன். ஒரு வயலுக்குள் எங்கெங்கே ஊற்று இருக்கிறது, எங்கெங்கே தண்ணீர் உள்வாங்குகிறது என்று இறங்கிப் பார்க்க முடியாது. வரப்பைச் சுற்றி நடந்து, எங்கே எவ்வளவு வெளியேறுகிறது, எங்கே எவ்வளவு நுழைகிறது என்று அளந்து கூட்டிக் கழித்தால், உள்ளே மொத்தத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லையில் எடுத்த அளவு உட்புறத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கிரீன் சார்பு இன்னும் எளிது. குளத்தில் ஒரே ஒரு கல்லைப் போட்டால் அலை எப்படிப் பரவும் என்று தெரிந்தால் போதும். மழையே பெய்தாலும் ஒவ்வொரு துளிக்கும் அந்த ஓர் அலையைப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு புள்ளியின் விடை, முழுமைக்கும் விடை.

சந்தாதாரர்களில் ஒருவருக்கு மட்டும் இது புரிந்தது. லிங்கன்ஷயர் நிலக்கிழார் சர் எட்வர்ட் பிராம்ஹெட். கேம்பிரிட்ஜில் பாபேஜ், ஹெர்ஷல் ஆகியோருடன் சேர்ந்து பிரெஞ்சுக் கணிதத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவரச் சங்கம் வைத்தவர். இனி எழுதுவதைத் தானே அறிஞர் சபைகளுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று உடனே கடிதம் போட்டார். கிரீன் பதிலே எழுதவில்லை. பெரிய இடத்து மனிதர் மரியாதைக்குச் சொல்வதை நிஜமென்று எடுத்துக்கொள்ளாதே என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 1830 ஜனவரியில்தான் கூச்சத்தோடு பதில் போனது. நல்ல வேளை, பிராம்ஹெட் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மூலமாக அடுத்த மூன்று கட்டுரைகள் கேம்பிரிட்ஜ், எடின்பரோ சபைகளில் வெளியாயின.

இதற்கிடையே அப்பா இறந்து, ஆலை மகனுக்கு வந்தது. மில் கொடுத்த காசு கிரீனை மில்லிலிருந்து விடுவித்தது. ஆலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, 1833 அக்டோபரில், 40 வயதில், கேம்பிரிட்ஜ் கீஸ் கல்லூரியில் இளங்கலை மாணவராகச் சேர்ந்தார். கூடப் படித்தவர்களுக்கு வயது பதினெட்டு, இருபது. 1837-ல் நடந்த கணிதத் தேர்வில் நான்காமிடம். பின்னாளில் பெரும் பெயர் எடுத்த சில்வெஸ்டர் அதே தேர்வில் இரண்டாமிடம். கிரீனின் நூலை அநேகமாகப் படித்தே இருக்காத தேர்வாளர்கள் கிரீனுக்கு மதிப்பெண் போட்டார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கல்லூரியின் ஆய்வாளர் பதவி 1839-ல் கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனை: கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பதிவேட்டின்படி கிரீன் பிரம்மச்சாரி. ஸ்னென்டனில் ஆறு பிள்ளைகள். ஜேனைக் கட்டியிருந்தால் பதவி இல்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள வழியில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு மனமில்லை. விலை கொடுத்தது ஜேன் என்பது மட்டும் தெளிவு.

பதவியில் இருந்தது இரண்டே பருவம். உடம்புக்கு முடியாமல் 1840-ல் ஸ்னென்டனுக்குத் திரும்பினார். 1841 மே 31 அன்று, 47 வயதில் இறந்தார். ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், புனித ஸ்டீவன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் கணிதத்தில் பெரிய பெயர் எடுத்திருப்பார் என்ற அளவில் உள்ளூர்ப் பத்திரிகை நாலு வரி போட்டது. அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. புகைப்படம் அப்போதுதான் பிறந்திருந்தது. மில்காரரை ஓவியமாகத் தீட்ட யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு வருடம் கழித்து, வில்லியம் தாம்சன் என்ற இருபது வயது இளைஞர் (பின்னாளில் லார்ட் கெல்வின்) ஓர் அடிக்குறிப்பில் கிரீனின் கட்டுரை பற்றிப் படித்துவிட்டு அதைத் தேடி அலைந்தார். எந்தப் புத்தகக் கடையிலும் இல்லை. 1845 ஜனவரியில், பிரான்சுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், தன் ஆசிரியர் ஹாப்கின்ஸிடம் பேச்சுவாக்கில் சொன்னார். 'என்னிடம் இருக்கிறதே' என்று அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாரிஸில் அதைப் பார்த்த லியூவில், ஸ்டர்ம் போன்ற ஜாம்பவான்கள் அசந்துபோனார்கள். தாங்கள் புதிதாகக் கண்டதாக நினைத்திருந்தவற்றை ஒரு மில்காரர் 1828-லேயே எழுதி வைத்திருந்தார். பெர்லினில் வெளிவந்த கிரெல்லின் கணித இதழில் 1850 முதல் 1854 வரை மூன்று தவணையாக அது மறுபிரசுரமானது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இயற்பியலாளர் ஜூலியன் ஸ்விங்கர் முதலில் ரேடார் ஆராய்ச்சியிலும், பிறகு 1965-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த குவாண்டம் மின்னியங்கியலிலும் இதே கிரீன் சார்பைக் கையாண்டார். கிரீன் பிறந்து 200 வருடம் ஆன 1993-ல் அவரே நாட்டிங்ஹாமுக்கு வந்து அதைப் பற்றிப் பேசினார். அதே வருடம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கிரீனுக்கு நினைவுக்கல் பதித்தார்கள்.

என்னைப் பாதித்தது வேறொரு கட்டுரை. ஆழமும் அகலமும் மாறும் கால்வாயில் அலை எப்படி நகரும் என்று 1837-ல் கிரீன் கணக்குப் போட்டார். ஆழம் குறையக் குறைய அலையின் உயரம் ஏறும். ஆழத்தின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில். 4,000 மீட்டர் ஆழத்தில் 1 மீட்டர் உயரமுள்ள நீண்ட அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது ஏறத்தாழ நாலரை மீட்டர். சுனாமி உயரத்தை முதல் மதிப்பீடாகப் போட்டுப் பார்க்க இன்றும் இதைத்தான் எடுப்பார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, குளச்சலிலிருந்து வந்து என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சூத்திரத்தை எழுதியபோது கை நடுங்கியது.

ஆலைக்கு அப்புறம் என்ன ஆயிற்று? குத்தகைக்காரர்கள் கையில் 1860-கள் வரை அரைத்தது. அதற்குள் நீராவி ஆலைகள் வந்துவிட்டன. பின்னாலேயே எஃகு உருளை ஆலைகளும், கப்பலில் வந்து இறங்கும் அமெரிக்கக் கோதுமையும். காற்றுக்காகக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. ஜேன் 1877-ல் இறந்தார். கடைசி காலத்தில் ஊர் அவரைத் திருமதி கிரீன் என்றுதான் அழைத்தது. கடைக்குட்டி கிளாரா வறுமையில் வாழ்ந்து 1919-ல் போய்ச்சேர்ந்தார். இறக்கை இழந்த கோபுரத்தை ஆலிவர் ஹிண்ட் என்ற வழக்கறிஞர் வாங்கி, மழை இறங்காமலிருக்க 1923-ல் செம்புத் தொப்பி போட்டார். அவர் அதைச் செய்யாவிட்டால் இன்று செங்கல்கூட மிஞ்சியிருக்காது. பிறகு மெருகெண்ணெய் தயாரிப்பவர்களுக்கு வாடகைக்குப் போனது. 1947-ல் அந்தச் சரக்கு தீப்பிடித்து, உள்ளே மரத்தாலான எல்லாம் எரிந்து, வெறும் செங்கல் கூடு நின்றது. மில்காரர்கள் நூற்றாண்டுகளாகப் பயந்த தீ, மில் நின்று 80 வருடம் கழித்து வந்தது.

1970-களில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். 1979-ல் மாநகராட்சி வாங்கி, தளம், தண்டு, கல், தொப்பி என்று ஒவ்வொன்றாகச் செய்து பொருத்தியது. 1985-ல் அறிவியல் மையத்தோடு பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அடுத்த வருடம் இறக்கைகள் காற்றில் சுழன்றன.

ஆக, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: ஆம், நிற்கிறது. நிற்பது மட்டுமல்ல, அரைக்கிறது. நாட்டிங்ஹாம் போகிறவர்கள் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். குறுகலான படிகளில் ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்க்கலாம்; முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். அங்கே அரைத்த கோதுமை மாவைக் கீழே கடையில் பையில் போட்டு விற்கிறார்கள். சப்பாத்திக்குச் சற்றுத் தவிடு தூக்கலாக இருக்கும் என்றாள் அந்த ஊரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி, 'கிரீன் யார் சார்' என்று கேட்டவளேதான். ஒரு பை வாங்கி வரச் சொல்லியிருந்தேன். விமானத்தில் எடை கூடிவிடும் என்று வெறும் பையை மட்டும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.